பகலில் எரியும் கார் லைட்: பாதுகாப்பா, வெறும் ஸ்டைலா?

பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய பைக் ஓட்டினால், எதிரே வருபவர் ஒரு கையைத் தூக்கி விரல்களை மூடித் திறந்து காட்டுவார். ‘லைட் எரியுது, அணைங்க’ என்று அர்த்தம். முன்பின் தெரியாதவரின் பேட்டரி மீது அவ்வளவு அக்கறை! தமிழ்நாட்டுச் சாலைகளின் அந்த நல்ல பழக்கத்துக்கு 2017 ஏப்ரல் 1-ம் தேதியோடு வேலை போய்விட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரைப்படி, அன்று முதல் புதிதாக வரும் டூவீலர்களில் எஞ்சின் ஓடினாலே முன்விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. அணைக்கலாம் என்று தேடினால் ஸ்விட்சே இருக்காது.

கார்களுக்கு இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனாலும் புது கார் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் சில கேள்விகளில் “டி.ஆர்.எல். இருக்கா?” என்பதும் ஒன்றாகிவிட்டது. “பேஸ் வேரியன்ட்ல வராது சார், அதுக்கு மேல போனா வரும்” என்று சேல்ஸ்மேன் சொல்வார். புருவம் மாதிரி வளைந்த வெள்ளைக் கோடு, பூமராங் வடிவம், பானெட்டின் குறுக்கே ஓடும் முழுநீள ஒளிப்பட்டை என்று இப்போது கம்பெனிகளின் அடையாளமே அந்த விளக்குதான். தூரத்தில் வரும்போதே இது எந்த கார் என்று சொல்லிவிடும் அளவுக்கு.

சரி, அழகு ஒருபுறம் இருக்கட்டும். சூரியன் எரியும்போது காரில் எதற்கு விளக்கு? அதனால் உயிர் பிழைக்கிறதா? இல்லை, புதிதாக ஏதாவது ஆபத்து வருகிறதா?

பார்க்க அல்ல, பார்க்கப்பட

டி.ஆர்.எல். என்பது டேடைம் ரன்னிங் லைட். ஹெட்லைட் என்பது ஓட்டுநருக்கு ரோட்டைக் காட்டுவது. டி.ஆர்.எல்.-இன் வேலை அது இல்லை. ‘இங்கே ஒரு வண்டி வருகிறது’ என்று மற்றவர்களுக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. இரவில் அதை மட்டும் நம்பி ஓட்டினால் ரோடு சரியாகத் தெரியாது. எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 87-வது ஒழுங்குவிதி ஓர் அளவு வைத்திருக்கிறது. நேர் எதிரே பார்த்தால் குறைந்தது 400 கேண்டெலா, அதிகபட்சம் 1,200 கேண்டெலா. ஒரு மெழுகுவத்தி ஒரு திசையில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு கேண்டெலா. ஆக, ஒரு விளக்கு என்பது நானூறு முதல் ஆயிரத்து இருநூறு மெழுகுவத்திகள். ஹைபீம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் தானாக எரியும். ஹெட்லைட் போட்டதும் தானாக அணையும், அல்லது மங்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: முன்னால் டி.ஆர்.எல். எரிவதால் பின்னால் டெயில் லைட்டும் எரிகிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான கார்களில் எரியாது. இந்தக் கதையின் வில்லன் இதுதான். கொஞ்ச நேரத்தில் வருவார்.

வெயில் குறைந்த ஊரில் பிறந்த விளக்கு

இந்த யோசனை வட ஐரோப்பாவில் பிறந்தது. பின்லாந்து 1972-ல் குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் பகலிலும் விளக்கு போடச் சொன்னது. ஸ்வீடன் 1977-ல் ஆண்டு முழுக்க, எல்லாச் சாலைகளிலும் என்று சட்டமாக்கியது. நார்வே, டென்மார்க் பின்தொடர்ந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் கனடா, 1989 டிசம்பர் முதல் தயாராகும் புதிய வாகனங்களுக்கு டி.ஆர்.எல்.-ஐக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி 7 முதல் புதிய கார் மாடல்களுக்குக் கட்டாயம் என்றது. நம்மூர் ஷோரூம்களில் டி.ஆர்.எல். பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். உலகச் சந்தைக்கு என்று வடிவமைக்கும் விளக்கை இங்கே மட்டும் ஏன் கழற்ற வேண்டும்?

இந்த நாடுகளின் பட்டியலைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். எல்லாமே பூமிப்பந்தின் வடக்கே, மேல்பக்கம் இருப்பவை. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாத நண்பகலிலும் சூரியன் அடிவானத்தை ஒட்டித்தான் நிற்கும். நாள் முழுக்க சாயங்காலம் மாதிரி. அந்த மங்கலில் சாம்பல் நிற ரோட்டில் வரும் சாம்பல் நிற காரைக் கண்டுபிடிக்க விளக்கு உதவும் என்பதில் சந்தேகமே இல்லை.

நார்வே ஆய்வாளர் ரூனே எல்விக் 1996-ல் அதுவரை வந்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். பகலில் இரண்டு வாகனங்களோ அதற்கு மேலோ சம்பந்தப்பட்ட விபத்துகளில், விளக்கு போட்ட கார்களுக்கு 10 முதல் 15 சதவீதம் வரை குறைகிறது என்பது அவர் கணக்கு.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1995 மாடல்களிலிருந்து தானாகவே டி.ஆர்.எல்.-ஐக் கொண்டுவந்தது. 2001-ல், ‘எல்லா கம்பெனிகளுக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள்’ என்று அரசிடம் மனுவும் கொடுத்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விபத்துப் பதிவுகளை அலசி 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் டி.ஆர்.எல்.-ஆல் விபத்து குறைந்தது என்று புள்ளிவிவர ரீதியாக உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை என்பது அதன் முடிவு. அடுத்த ஆண்டு மனு நிராகரிக்கப்பட்டது. இன்றும் அமெரிக்காவில் இது கம்பெனியின் விருப்பம்தான்.

ஒரே விளக்கு. ஒரு கண்டத்தில் பலன், இன்னொரு கண்டத்தில் உறுதியான பலன் இல்லை. ஏன்?

சென்னை வெயிலில் என்ன ஆகும்?

வெயிலில் நின்று மொபைல் பார்க்கும்போது ஸ்கிரீன் தெரியாமல் கையால் மறைத்துக்கொள்கிறோம் அல்லவா? விடை அதில் இருக்கிறது. ஸ்கிரீனின் வெளிச்சம் குறையவில்லை. சுற்றியுள்ள வெளிச்சம் அதை விழுங்கிவிட்டது. கண் தனி வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, பின்னணிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. நேர் உச்சி வெயிலில் தரையில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் விழும். கண்ணாடியும் பானெட்டும் தகதகவென்று மின்னும் அந்த நேரத்தில் டி.ஆர்.எல். கூடுதலாகச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டாக்ஹோம் இருப்பது 59-வது அட்சரேகையில். சென்னை 13-ல். அங்கே எடுத்த கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது.

அதற்காக இங்கே உபயோகமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தென் மாவட்டங்களின் பழைய புளியமரச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். வெயில், நிழல், வெயில், நிழல் என்று கோடு போட்ட மாதிரி ரோடு. வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு நிழலுக்குள் இருக்கும் கறுப்பு கார் தெரியாது. இருவழிச் சாலையில் முன்னால் போகும் லாரியை ஓவர்டேக் செய்ய எட்டிப் பார்ப்பவருக்கு, அந்த நிழலுக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதுவே போதும், திரும்ப உள்ளே வந்துவிடுவார். ஏற்காடு, கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கும்போதும், ஐப்பசி மழையிலும், எதிரே வரும் வண்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கிக் கண் கூசும் மாலை நேரத்திலும் இதே பலன் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஊர்ந்துபோகும் காருக்கு அது நகைதான்.

டூவீலருக்கு மட்டும் ஏன் கட்டாயம்?

‘எங்க பைக்குக்கு மட்டும் ஏன் பகல்ல லைட்?’ என்று கேட்பவர்கள் உண்டு. விடை மலேசியாவில் இருக்கிறது. அதுவும் நம்மைப் போல வெயில் அடிக்கும் நாடு, டூவீலர் நிறைந்த நாடு. 1992-ல் அங்கே மோட்டார் சைக்கிள்களுக்குப் பகலிலும் ஹெட்லைட் கட்டாயமானது. ‘கண்ணில் படவில்லை’ என்ற வகை மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அதன் பிறகு வந்த ஆய்வு சொன்னது.

கார் ஐந்தரை, ஆறு அடி அகலம். வெயிலில் விளக்கு இல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் பைக் ஒரு கோடு. ஜங்ஷனில் திரும்ப நிற்கும் கார் ஓட்டுநர் அந்தத் திசையில் பார்த்தே இருப்பார். மூளை பதிவு செய்திருக்காது. “எங்கிருந்து வந்தான்னே தெரியல” என்று விபத்துக்குப் பின் சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை. சிறிய உருவம் தூரத்தில் இருப்பதாகவும், மெதுவாக வருவதாகவும் மூளை தப்புக்கணக்கு போடும். அந்தக் கோட்டின் நடுவே ஒரு விளக்கு எரிந்தால், கணக்கு கொஞ்சம் சரியாகும். ஆக, பேட்டரி பற்றிக் கவலைப்பட்ட அந்தக் கைச் சைகை நல்ல மனசுதான்; ஆனால் லைட்டை அணைக்காமல் இருந்ததே பாதுகாப்பாக இருந்திருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல் தொடங்குகிறது. பைக் விளக்கு வேலை செய்வதற்குக் காரணம், கூட்டத்தில் அது மட்டும் எரிவது. சாலையில் எல்லா காரும் எரிய ஆரம்பித்தால்? இரண்டு கார்களுக்கு நடுவே, நான்கு வெள்ளைப் பட்டைகளுக்கு இடையே வரும் ஒற்றை விளக்கு எதோடு சேர்ந்தது என்றே தெரியாது. கார்களுக்கு டி.ஆர்.எல். வந்தபோது ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சங்கங்கள் எதிர்த்தது இதற்காகத்தான். ஆஸ்திரியா 2005 நவம்பரில் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 ஜனவரியில் அந்தச் சட்டத்தையே வாபஸ் வாங்கியது. விளக்குள்ள வண்டிகள் கவனத்தை இழுத்துக்கொள்ள, விளக்கில்லாத பாதசாரியும் சைக்கிள்காரரும் கண்ணில் படாமல் போகிறார்கள் என்ற வாதம் அங்கே வலுவாக எழுந்தது.

இந்தியாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் டூவீலரில் போனவர்கள் 44.5 சதவீதம். நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். அதாவது, மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இந்த இரண்டு வகைதான். காரை மேலும் பளிச்சென்று காட்டும் விளக்கால் இவர்களுக்கு என்ன நடக்கும் என்பதே இங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடக்கக் காத்திருக்கும் பெரியவருக்கு, எரியும் கார் கொஞ்சம் முன்னதாகவே தெரியும், அது லாபம். ஆனால் கார் ஓட்டுபவருக்கு அந்தப் பெரியவர் தெரிவதற்கு டி.ஆர்.எல். எதுவும் செய்யாது.

முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு

இனி அந்த வில்லன். கனடாவில் அதற்கு வைத்த பெயர் ‘பேய் வாகனம்’.

பழைய கார்களில் பொழுது சாய்ந்ததும் ஸ்பீடாமீட்டர் தெரியாது. ஹெட்லைட் போட்டால்தான் டேஷ்போர்டில் விளக்கு வரும். அதனாலேயே யாரும் மறக்க மாட்டார்கள். இப்போது டேஷ்போர்டு ஒரு டிஜிட்டல் ஸ்கிரீன். வண்டி ஓடும்போதெல்லாம் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் டி.ஆர்.எல். வெளிச்சம் முன்னே போகும் வண்டியின் பம்பரில் பட்டுத் தெரியும். தெருவிளக்கும் இருக்கிறது. ஓட்டுபவர் ‘லைட் போட்டாச்சு’ என்று நிம்மதியாக ஓட்டுவார். பின்னால் ஒரு சிவப்புப் புள்ளிகூட இருக்காது. பிரேக் அடித்தால் மட்டும் திடீரென்று சிவப்பு எரியும், பின் மறுபடி இருட்டு. பின்னால் ஹெல்மெட் கண்ணாடியில் மழைத்துளியோடு வரும் டூவீலர்காரருக்கு முன்னால் போவது கறுப்பு எஸ்.யு.வி.

பல ஆண்டுகள் டி.ஆர்.எல். கட்டாயத்தோடு வாழ்ந்த பிறகு கனடா இதைச் சரிசெய்யச் சட்டம் கொண்டுவந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் தயாராகும் புதிய வாகனங்களில் மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். டி.ஆர்.எல். எரிந்தால் டெயில் லைட்டும் எரிய வேண்டும். அல்லது வெளிச்சம் குறைந்ததும் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும். அல்லது ஓட்டுநர் விளக்கு போடும்வரை டேஷ்போர்டு இருட்டாகவே இருக்க வேண்டும். மூன்றாவது வழி பழைய காலத்துக்கே திரும்புவது. எளிமையானதும் அதுதான்.

இந்தியாவில் கார்களுக்கு டி.ஆர்.எல். கட்டாயம் வேண்டுமா என்ற விவாதம் எப்போது வந்தாலும், கனடா கடைசியில் செய்ததை நாம் முதலில் செய்வது நல்லது. டெயில் லைட்டோடு சேர்த்து எரியவைக்கப் புது தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். அதைச் செய்யாமல் முன்பக்கத்தை மட்டும் கட்டாயமாக்கினால், ஒரு நன்மைக்கு ஓர் ஆபத்தை விலையாகக் கொடுத்ததாகிவிடும்.

இண்டிகேட்டர், பெட்ரோல், வெளியில் ஒட்டும் பட்டை

வேறு சில சங்கதிகளும் உண்டு. வெள்ளை டி.ஆர்.எல். பட்டைக்குப் பக்கத்திலேயே மஞ்சள் இண்டிகேட்டர் இருந்தால், வெள்ளை மஞ்சளை விழுங்கிவிடும். அதனால்தான் நல்ல டிசைனில், இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்க டி.ஆர்.எல். மட்டும் அணையும் அல்லது மங்கும். எதிரே வரும் காரில் ஒரு பக்கம் மட்டும் அணைந்திருந்தால் அது ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம், திரும்பப் போகிறது என்று அர்த்தம்.

மைலேஜ் குறையுமா? பழைய ஹாலஜன் ஹெட்லைட்டைப் பகலில் போட்டு ஓட்டினால் முன், பின், நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 140 வாட். ஆல்டர்னேட்டர், எஞ்சின் இழப்பெல்லாம் சேர்த்தால், சராசரி 40 கி.மீ. வேகத்தில் நூறு கி.மீ. போக, கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். எல்.இ.டி. டி.ஆர்.எல். ஜோடி 15 வாட் என்று வைத்தால் அதே தூரத்துக்கு 25 மில்லிலிட்டர். பொருட்படுத்த வேண்டியதில்லை. செலவு வேறு இடத்தில் வரும்: சில மாடல்களில் டி.ஆர்.எல். பழுதானால் அதை மட்டும் மாற்ற முடியாது, முழு ஹெட்லைட் அசெம்பிளியையும் மாற்றச் சொல்வார்கள்.

டி.ஆர்.எல். இல்லாத கார் வைத்திருப்பவர்கள் ஆக்சஸரி கடையில் எல்.இ.டி. பட்டை வாங்கி ஒட்டுவது இன்னொரு கதை. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி கார் ஆக்சஸரி தெருக்களில் விதவிதமாகக் கிடைக்கும். எவ்வளவு கேண்டெலா, எந்தக் கோணம் என்ற எந்த அளவும் அதில் இருக்காது. ஹெட்லைட் போட்டால் மங்கவும் செய்யாது. நீலம், சிவப்பு, மினுக்கும் ரகம் என்றால் கேட்கவே வேண்டாம். விதிக்குப் புறம்பாக வாகனத்தை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி வயரை வெட்டி இணைத்திருந்தால் வாரண்டியும் சிக்கல்தான். பகலில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால், மழையிலும் மலைப்பாதையிலும் லோபீமைப் போட்டு ஓட்டினாலே போதும். செலவில்லாத டி.ஆர்.எல். அது, டெயில் லைட்டும் சேர்ந்தே எரியும்.

உங்கள் காரில் என்ன பார்க்க வேண்டும்?

லைட் லீவரில் ‘ஆட்டோ’ இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. ஆனால் அதையும் முழுசாக நம்ப வேண்டாம். விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் வெளிச்சத்தை மட்டுமே அளக்கும். பனியும் மழையும் அதற்குத் தெரியாது. வெள்ளை வெளேரென்று பனி மூடியிருக்கும் காலையில், ‘நல்ல வெளிச்சம்தானே’ என்று அது விளக்கைப் போடாமல் இருந்துவிடலாம். மழை கொட்டும்போது ஓடிக்கொண்டே நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் ஹெட்லைட்டைக் கையால் போடுவதுதான் சரி.

டேஷ்போர்டில் பச்சை நிற ஹெட்லைட் சின்னம் எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். டி.ஆர்.எல். மட்டும் எரியும்போது அது வராது. இன்னும் சந்தேகம் என்றால், இருட்டிய பிறகு காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, ரியர்வியூ கண்ணாடியைப் பாருங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் விழவில்லை என்றால், பின்னால் வருபவருக்கு உங்கள் கார் தெரியாது.